பணமும் சிபாரிசும் கைவிட்ட இடத்தில் வருவது விசுவாசமா, பயமா?

கடைசிபெஞ்சு:

மூன்று வருடமாக மனதில் கிடக்கிற விஷயம். விவாதத்துக்கென்றே போடுகிறேன். திட்டுகிறவர்கள் திட்டலாம்.

பிறந்ததிலிருந்து நான் கிறிஸ்தவன். ஞாயிறு ஆராதனை, காணிக்கைக் கவர், நன்கொடைப் பலகையில் முதல் வரியில் பெயர், எல்லாம் உண்டு. ஆனால் நிஜமாக நான் நம்பியது என் கைப்பேசியைத்தான். எந்தக் காரியத்துக்கும் அதில் ஓர் ஆள் இருந்தார். "சொல்லியாச்சு, நீங்க போங்க" என்று ஒரு குரல் வரும், வேலை முடிந்துவிடும்.

அப்பாவுக்கு நுரையீரல் தொற்று முற்றி வென்டிலேட்டரில் வைத்தபோதும் அதையேதான் செய்தேன். பெரிய டாக்டர் விடுப்பிலிருந்து வந்தார். அலுவலகத்தில் எனக்குத் தனியாக நாற்காலி போட்டார்கள். எட்டாம் நாள் ராத்திரி அந்த டாக்டர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, "கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்தாச்சு சார். இனி அவர் உடம்புதான் பார்த்துக்கணும்" என்றார். அப்புறம் வராந்தாவில் நின்று தொடர்புப் பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போனேன், முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை. சார்ஜ் இருந்தது, சிக்னல் இருந்தது. கூப்பிட ஆள் இல்லை.

ஐசியூ வாசலில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மகன் உள்ளே. "உள்ளே யாருப்பா?" என்றார். அப்பா என்றேன். மருந்துக்கடை பில்லைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "பேரைச் சொல்லு, சேர்த்துக்கிறேன்" என்றார். பின்பக்கத்தில் ஏற்கெனவே ஏழெட்டுப் பெயர்கள், பென்சில் கிறுக்கலாக. உள்ளே கிடக்கிற எல்லோர் பெயரும். நான் யார், என்ன உத்தியோகம் என்று அவர் கேட்கவே இல்லை. அன்றைக்கு அந்த வராந்தாவில் செய்ததுதான் என் முதல் ஜெபம் என்று நினைக்கிறேன், நாற்பத்தாறு வயதில்.

அப்பா பிழைத்துக்கொண்டார். அதற்காக இதைச் சொல்லவில்லை. பணமும் பதவியும் உதவாத இடத்தில்தான் மெய்யான விசுவாசம் பிறக்கிறது. அதற்கு முன்னால் இருப்பது பழக்கம். இதுதான் என் கட்சி.

நேர்க்கோடு:

இருபது வருடம் சபையில் இருந்துவிட்டு வெளியே வந்தவன் நான். அதனால் கொஞ்சம் உரிமையோடு கேட்கிறேன் அண்ணா.

"அதற்காக இதைச் சொல்லவில்லை" என்கிறீர்கள். அதற்கு முந்தைய வாக்கியம் "அப்பா பிழைத்துக்கொண்டார்". அது இல்லாவிட்டால் இந்தப் பதிவை எழுதியிருப்பீர்களா? பழைய ரோமாபுரியின் சிந்தனையாளர் சிசரோ ஒரு கதை சொல்கிறார். டயாகொரஸ் என்ற கிரேக்கனிடம், நேர்ந்துகொண்டு புயலில் தப்பியவர்கள் கோயிலில் வைத்த ஓவியங்களைக் காட்டி, பார், தெய்வங்கள் கவனிக்கத்தானே செய்கின்றன என்றார்களாம். மூழ்கிப் போனவர்களை யாரும் வரைந்து வைக்கவில்லையே என்றானாம் அவன். 2,000 வருடத்துக்கு முந்தைய கேள்வி. நம் சாட்சிக் கூட்டங்களில் இன்னும் பதில் வரவில்லை. மேடையேறுகிறவர்கள் எல்லாரும் கரையேறியவர்கள்.

இன்னொன்று. பட்டியலில் இருந்த எல்லாரையும் தீர்த்துவிட்டுக் கடைசியாகக் கடவுளிடம் போனீர்கள். அதுவும் சிபாரிசுதான். ஆள் மாறினார், பழக்கம் மாறவில்லை.

மழைக்குருவி:

கடைசி இரண்டு வரிக்காகவே நேர்க்கோடுக்கு ஒரு கும்பிடு.

செல்லாக்காசு:

சிபாரிசு என்ற சொல் விழுந்ததால் நாகமான் ஞாபகம் வருகிறது. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம், ஐந்தாம் அதிகாரம். எல்லாரும் ஞாயிறு பள்ளியில் கேட்ட கதைதான், ஆனால் அதில் இருக்கிற ஆபீஸ் நடைமுறையை யாரும் கவனிப்பதில்லை.

சீரியாவின் படைத்தலைவன். குஷ்டரோகி. அவன் எப்படிக் கிளம்புகிறான் பாருங்கள். கையில் பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்று உடைகள். ஒரு தாலந்தை ஏறக்குறைய 34 கிலோ என்று வைத்தாலே வெள்ளி மட்டும் 340 கிலோ. பொன் எழுபது கிலோவுக்குப் பக்கத்தில் வரும். போதாததற்கு ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்கு எழுதிய கடிதம். அந்தக் கடிதத்தைப் படித்த இஸ்ரவேலின் ராஜா உடையைக் கிழித்துக்கொண்டு, கொல்லவும் உயிர்ப்பிக்கவும் நான் என்ன தேவனா என்று அலறுகிறான். மேலிடத்திலிருந்து மேலிடத்துக்குப் போன கடிதம் அந்த இடத்தோடு சரி. நாகமான் தேடிப்போன தீர்க்கதரிசி எலிசாவோ வாசலுக்கே வரவில்லை. ஆள் அனுப்பி, யோர்தானில் ஏழு தரம் முழுகச் சொல்கிறார். நாகமானுக்குக் கோபம் வந்ததற்குத் தண்ணீர் மட்டுமா காரணம்? எழுந்து வந்து வரவேற்கவில்லையே! கடைசியில் குணமாகித் திரும்பிவந்து காணிக்கையை நீட்டினால், எலிசா தொட மறுக்கிறார்.

ஆக, கைவிடப்பட்ட நிலை மட்டும் விசுவாசத்தைக் கொடுத்துவிடாது. கதவுவரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். அங்கேயும் மரியாதையை எதிர்பார்த்து நிற்க முடியும். கடைசிபெஞ்சு, உங்கள் கட்சியில் பாதியோடு ஒத்துப்போகிறேன்.

(எலிசா வேண்டாமென்ற வெள்ளியை வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடிப்போய் வாங்கினான். இலவசமாகக் கிடைத்ததற்கு ரசீது போடுகிறவன் அப்போதே இருந்திருக்கிறான்.)

எபெனேசர்தொனி:

சகோதரர்களே, மருத்துவமனைக்கு ஓடியதே அவிசுவாசம். ஆசா ராஜா கால் நோயில் வைத்தியர்களைத் தேடிச் செத்தான் என்று வேதம் சொல்கிறது. முழு விசுவாசம் இருந்திருந்தால் வென்டிலேட்டர் எதற்கு?

மார்த்தாள்77:

எபெனேசர் தம்பி, அந்த வசனத்தை முழுதாகப் படிக்கவும். ஆசா கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான் என்று இருக்கிறது. வைத்தியர் பாவம் என்று இல்லை. சுவிசேஷம் எழுதிய லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்கிறார். உங்களைப் போன்றவர்கள் வாயால் என் வீட்டில் நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. நான்கு வருடம் டயாலிசிஸ். வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். அவர் கையில் ஊசி போடுகிற இடத்தில் ரத்தக்குழாய் கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். காதை வைத்தால் உள்ளே இரைச்சல் கேட்கும். அந்தச் சத்தம் இருக்கிறதா என்று தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பேன். இருந்தால்தான் அன்றைய நாள் தொடங்கும். இந்தச் சமயத்தில் ஒரு சபை ஊழியர் வந்து, காணிக்கையை "விதை"யாகப் போட்டால் அறுவடை வரும் என்றார். வளையலைக் கழற்றிக் கொடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொடுத்தேன். என் கணவர் இறந்த பிறகு அதே வாய், "உங்களிடம் எங்கோ விசுவாசக் குறைவு" என்றது.

கடைசிபெஞ்சு தம்பி, "பிறக்கிறது" என்கிறீர்கள். எனக்கு அன்றைக்கு ஒன்றும் பிறக்கவில்லை. இருந்ததும் செத்தது. ஆறு மாதம் வேதத்தைத் திறக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் தாவீதின் பிள்ளை இறந்த பகுதி கண்ணில் பட்டது. ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசம் இருந்த ராஜா, பிள்ளை இறந்தது தெரிந்ததும் எழுந்து குளித்து, உடை மாற்றி, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொள்கிறான். அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறான். வேலைக்காரர்களுக்கே புரியவில்லை. சபையில் இதைப் பிரசங்கமாக நான் கேட்டதில்லை. நானும் அன்று எழுந்து குளித்தேன். அவ்வளவுதான் என் சாட்சி. மேடைக்குத் தேறாது.

நேர்க்கோடு:

மார்த்தாள் அக்கா, உங்களிடம் எனக்கு வாதம் இல்லை. மன்னிக்கவும், உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

ஆனால் செல்லாக்காசு அவர்களிடம் இருக்கிறது. நாகமான் கதையை அழகாகச் சொன்னீர்கள். ஓர் ஆளை விட்டுவிட்டீர்கள். "எஜமான் சமாரியாவிலிருக்கிற தீர்க்கதரிசியிடம் போனால் நலமாகுமே" என்று முதலில் சொன்னது யார்? சீரியாவின் படைகள் இஸ்ரவேலில் பிடித்துக்கொண்டுபோன ஒரு சிறு பெண். நாகமானின் மனைவிக்கு வேலைக்காரி. பெயர்கூட எழுதப்படவில்லை. நாகமான் குணமானான், தன் ஊர் திரும்பினான், தெய்வத்தையும் மாற்றிக்கொண்டான். அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினானா? கதையில் ஒரு வார்த்தை இல்லை.

பணமும் செல்வாக்கும் உதவாத நிலை உங்களுக்கெல்லாம் வாழ்க்கையில் ஒரு வாரம் வருகிற அனுபவம். வந்தால் கட்டுரை எழுதுகிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு அதுதான் தினசரி. பணக்காரனின் எட்டாம் நாள் ராத்திரியை "மெய்யான விசுவாசத்தின் பிறப்பு" என்றால், பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவர்களின் விசுவாசத்துக்கு என்ன பெயர்?

மழைக்குருவி:

யாராவது பதில் சொல்லுங்கள். நானும் காத்திருக்கிறேன்.

செல்லாக்காசு:

இரண்டு நாள் யோசித்தேன். அந்தப் பெண்ணை நான் விட்டது தப்புதான். இத்தனை வருடம் அந்தக் கதையை நாகமானின் ரதத்தில் உட்கார்ந்தே படித்திருக்கிறேன்.

ஆனால் உங்கள் கேள்வியிலேயே எனக்குப் பதில் கிடைக்கிறது. அவளுக்கு அந்த வார்த்தையால் எந்த லாபமும் இல்லை. தன்னைச் சிறைபிடித்தவன் அழுகிச் சாகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொன்னாள். கொடுத்து வாங்குகிற கணக்கு அதில் எங்கேயும் இல்லை. விசுவாசத்துக்கு நான் உதாரணம் காட்ட வேண்டுமென்றால் இனி அவளைத்தான் காட்டுவேன். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் சிலையை வணங்க மறுத்து, அவனுடைய நெருப்புச் சூளைக்கு முன்னால் நின்ற அந்த மூன்று பேரும், தேவன் தப்புவிப்பார் என்று சொன்ன கையோடு, "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்களே, அந்த வார்த்தைக்குள் வாழ்ந்தவள் இவள். அவர்களுக்காவது நெருப்பில் நாலாவது ஆள் வந்தார்.

கடைசிபெஞ்சுவுக்கு ஒரு எதிர்வாதம். உதவாத இடத்தில் மட்டும்தான் விசுவாசம் தெரியுமா? செல்வாக்கு நன்றாகவே உதவுகிற இடத்திலும் தெரியும். ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர். அப்பா பெர்லினில் பெயர்பெற்ற மனநல மருத்துவப் பேராசிரியர். 1943 ஏப்ரலில் கைதாகி டேகல் சிறையில் கிடக்கிறார். அவருடைய மாமா பெர்லின் நகரின் ராணுவத் தளபதி என்று காவலர்களுக்குத் தெரிந்ததும் மொத்த நடத்தையும் மாறிவிட்டது. அதிகச் சாப்பாடு தருகிறோம் என்றார்கள். மற்ற கைதிகளின் பங்கிலிருந்துதானே வரும் என்று மறுத்துவிட்டார். அதே மாமா 1944 ஆகஸ்டில் ஹிட்லரைக் கொல்லும் சதியில் சம்பந்தப்பட்டதற்காகத் தூக்கிலிடப்பட்டார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசென்பர்க் முகாமில் போன்ஹோஃபரையும் தூக்கிலிட்டார்கள். சிபாரிசு கடைசியில் உதவவில்லை என்பது உண்மை. ஆனால் நான் பார்ப்பது அந்தச் சாப்பாட்டுத் தட்டை. சிபாரிசு வேலை செய்துகொண்டிருந்தபோதே அவர் அதைத் தள்ளி வைத்தார்.

கடைசிபெஞ்சு:

செல்லாக்காசு, இது என்னை அடித்துவிட்டது. அப்பாவுக்காக டாக்டரை விடுப்பிலிருந்து வரவழைத்தேன் என்று பெருமையாகவே எழுதியிருக்கிறேன். அவர் வந்த நேரத்தில் வேறு எந்த நோயாளி காத்திருந்தார் என்று இன்றுவரை யோசித்ததில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அப்பா உள்ளே கிடக்கும்போது யார் யோசிப்பார்கள்? நாளைக்கே மறுபடி நடந்தால் மறுபடியும் போன் செய்வேன் என்றுதான் தோன்றுகிறது.

மார்த்தாள்77:

செய்யுங்கள் தம்பி. எனக்கு அப்படி ஒரு நம்பர் இருந்திருந்தால் நானும் செய்திருப்பேன். கப்பர்நகூமில் வேலைக்காரன் சாகக் கிடந்த நூற்றுக்கு அதிபதிக்காக, அதாவது ரோமப் படை அதிகாரிக்காக, யூத மூப்பர்கள் இயேசுவிடம் போய், "இவர் நமக்கு ஜெப ஆலயம் கட்டித் தந்தவர், இந்த உதவிக்குத் தகுதியானவர்" என்று சிபாரிசுதானே செய்தார்கள்? இயேசு அவர்களைத் துரத்திவிடவில்லை, கூடவே கிளம்பினார். அப்புறம் அந்த அதிபதியே ஆள் அனுப்பி, நீர் என் வீட்டுக்குள் வர நான் பாத்திரன் அல்ல என்றான். கட்டிக்கொடுத்த ஆலயத்தைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை. போன் செய்யுங்கள். நன்கொடைப் பலகையை மட்டும் ஜெபத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

மட்டுறுத்துநர்:

எபெனேசர்தொனியின் மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. இறந்தவரின் குடும்பத்தை நோக்கித் தீர்ப்பு எழுதினால் இனியும் நீக்கப்படும்.

நேர்க்கோடு:

விவாதம் நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. என் நிலைப்பாடு மாறவில்லை. அக்காவின் குளியலையும் அந்தச் சிறுமியின் வார்த்தையையும் என்னால் மறுக்க முடியவில்லை, ஆனால் அவற்றுக்குக் கடவுள் தேவை என்றும் தோன்றவில்லை. அது இருக்கட்டும்.

கடைசிபெஞ்சு அண்ணா, முதல் நாளிலிருந்து கேட்க நினைத்தது ஒன்று. பில்லின் பின்பக்கத்தில் பெயர் எழுதிக்கொண்ட அந்த அம்மா. அவர் மகன் என்ன ஆனான்?

கடைசிபெஞ்சு:

தெரியாது.

ஒன்பதாம் நாள் அப்பா கண் திறந்தார். தனி அறைக்கு மாற்றினார்கள், லிஃப்டில் மேலே போய்விட்டேன். அப்புறம் அந்த வராந்தாவுக்கு நான் இறங்கவே இல்லை. டிஸ்சார்ஜ் அன்று வேறு வாசல். அவர் என் அப்பாவின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். அவர் மகன் பெயரை நான் கேட்கவில்லை.

மழைக்குருவி:

...

நேர்க்கோடு:

குத்துவதற்காகக் கேட்கவில்லை அண்ணா. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் பதிவேடு இருக்கும். உங்களுக்குத்தான் அங்கே ஆள் இருக்கிறாரே, ஒரு போன் போதும்.

கடைசிபெஞ்சு:

இதற்கு ஆள் பிடிக்கப் போவதில்லை. சனிக்கிழமை நேரில் போய் ஐசியூ வாசலில் இருக்கிற நர்ஸிடம் விசாரிக்கிறேன். மூன்று வருடம் ஆகிவிட்டது, சொல்ல மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நேர்க்கோடு:

போய்விட்டு வந்து எழுதுங்கள். என்ன பதில் வந்தாலும்.