சித்திரைப் பிறப்பும் அபோபிஸ் கல்லும்

அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) "2029 சித்திரை 1 அன்று மாபெரும் கல் பூமியில் மோதும். நாசா மறைக்கிறது. உடனே 10 பேருக்கு அனுப்புங்கள்."

அத்தை: எங்கள் அடுக்ககக் குழுவில் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு பயந்துபோயிருக்கிறாள். உண்மையா கண்ணு?

நான்: மோதாது அத்தை. அவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் கல் நிஜம், தேதியும் நிஜம். பெயர் அபோபிஸ். சூரியனைச் சுற்றும் 350 மீட்டர் அளவுள்ள பாறை, இந்த மாதிரிக் கல்லைச் சிறுகோள் என்பார்கள். நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலை மூன்றேகால் மணி வாக்கில், தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போகும். யாரும் எதையும் மறைக்கவில்லை. நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை இரண்டுமே இந்தக் கணக்கைத் தங்கள் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன.

அக்கா: நம் வீட்டு டிஷ்ஷுக்குச் சிக்னல் அனுப்புகிற செயற்கைக்கோளே அதைவிட உயரத்தில்தானே இருக்கிறது?

நான்: ஆமாம் அக்கா, அவை ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர். இந்தக் கல் அதற்கும் உள்ளே வருகிறது. இவ்வளவு பெரியது இவ்வளவு அருகில் வருவது சில ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கும். எனக்கு இதில் பயத்தைவிட ஆவல்தான் அதிகம்.

தம்பி: 37-இல் 1 வாய்ப்பு என்று எங்கேயோ படித்தேனே. 2.7 சதவீதம். அதுவும் பொய்யா?

நான்: பொய் இல்லை, பழைய கணக்கு. 2004 ஜூனில் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிட் பீக் வான் ஆய்வகத்தில் இந்தக் கல்லைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு நாள் பார்த்தார்கள், அப்புறம் கண்ணில் படவில்லை. டிசம்பரில் மறுபடி கிடைத்தது. கணக்குப் போடப் போட வாய்ப்பு ஏறியது. டிசம்பர் 27 அன்று 2.7 சதவீதம். அதே நாளில், மார்ச் மாதம் எடுத்திருந்த பழைய படங்களில் இந்தக் கல் தெரிவதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் புள்ளிகளையும் சேர்த்ததும் 2029 மோதல் இல்லை என்று ஆகிவிட்டது.

நாகை மாமா: 2004 டிசம்பர் 27-ஆ?

நான்: ஆமாம் மாமா. சுனாமிக்கு மறுநாள்.

நாகை மாமா: அன்றைக்கு நாங்கள் ஆஸ்பத்திரிக்கும் கடற்கரைக்குமாக ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தோம். வானத்தில் இப்படி ஒன்று என்று யாராவது சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது.

அத்தை: வாய்ப்பு முதலில் ஏறி அப்புறம் எப்படி ஒரேயடியாக இறங்கும்? அதுதான் எனக்குப் புரியவில்லை. சந்தேகமாகவும் இருக்கிறது.

நான்: கம்மல் தொலைந்துவிட்டது என்று வையுங்கள் அத்தை. நான்கு அறை உள்ள வீடு. சமையலறையில் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டு அறையைத் தேடிப் பார்த்து இல்லை என்றால், சமையலறையின் வாய்ப்பு இரண்டில் ஒன்றாக உயர்கிறது. கடைசியில் பூஜை அறையில் கிடைத்தால் அது சுழி. கல்லுக்கும் அப்படித்தான். சில இரவுகள் மட்டும் பார்த்தால், எங்கெல்லாம் போகலாம் என்கிற பரப்பு மிக நீளமாக இருக்கும். அதில் பூமி சின்னப் புள்ளி. மேலும் பார்க்கப் பார்க்கப் பரப்பு சுருங்கும். பூமி இன்னும் உள்ளே இருந்தால் அதன் பங்கு கூடத்தான் செய்யும். இன்னும் சுருங்கும்போது பூமி வெளியே போய்விடும். 2024 ஒய்ஆர்4 என்ற கல்லுக்கும் இதே நடந்தது. 2025 பிப்ரவரியில் 3 சதவீதத்தைத் தாண்டியது, ஒரே வாரத்தில் ஒன்றுமில்லாமல் போனது.

அத்தை: இப்போது புரிகிறது.

தம்பி: அபோபிஸ் 2036-இல் திரும்ப வரும் என்றார்களே?

நான்: அந்தக் கவலையும் தீர்ந்தது. 2021 மார்ச்சில் அது 1.7 கோடி கிலோமீட்டர் தள்ளிப் போனபோது கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ரேடார் அதன் தூரத்தை 150 மீட்டர் துல்லியத்தில் அளந்தது. அடுத்த 100 ஆண்டுகளுக்கு மோதல் கிடையாது என்று அப்போது ஆபத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

நாகை மாமா: ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல். சுனாமி வருகிறது என்று அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. மணிக்கணக்கில் அவகாசம் இருந்தது, சொல்லத்தான் ஏற்பாடு இல்லை. பின்னால் 2007-இல்தான் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. இந்தக் கற்களுக்கு யாராவது காவல் இருக்கிறார்களா?

நான்: இருக்கிறார்கள் மாமா. ஹவாய், அரிசோனா, சிலி, தென் ஆப்பிரிக்கா என்று பல இடங்களில் தானியங்கித் தொலைநோக்கிகள் இரவு முழுக்க வானத்தைப் படம் எடுக்கின்றன. ஒரே இடத்தைச் சிறிது நேரம் விட்டு மறுபடி எடுப்பார்கள். நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும், நகர்ந்த புள்ளி கல். அந்த அளவீடுகள் எல்லாம் அமெரிக்காவில் உள்ள சிறுகோள் மையத்துக்குப் போகும். பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்கள்கூட அனுப்புகிறார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ள கற்களில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தாயிற்று.

ஆனால் எல்லாம் பிடிபடுவதில்லை. 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் 20 மீட்டர் கல் ஒன்று வெடித்தது. சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வந்ததால் யாரும் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடி சிதறி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். அதனால்தான் விண்வெளியிலிருந்தே வெப்பத்தை வைத்துத் தேடும் தொலைநோக்கி ஒன்றை நாசா தயாரிக்கிறது.

நாகை மாமா: தெரிந்தால் மட்டும் என்ன செய்ய முடியும்?

நான்: தள்ளிவிட முடியும், முன்கூட்டியே தெரிந்தால். 2022 செப்டம்பரில் டார்ட் விண்கலத்தை டிமார்ஃபாஸ் என்ற கல்லின் மேல் வேண்டுமென்றே மோதவிட்டார்கள். டிமார்ஃபாஸ் ஒரு பெரிய கல்லைச் சுற்றிவர எடுத்துக்கொண்ட நேரம் அரை மணிக்கு மேல் குறைந்தது. மனிதன் ஒரு விண்பொருளின் ஓட்டத்தை மாற்றியது அதுதான் முதல் முறை. எத்தனை ஆண்டு முன்பே தெரிகிறதோ அந்த அளவுக்குச் சின்னத் தள்ளலே போதும்.

நாகை மாமா: அது போதும் எனக்கு. பார்க்க ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆலங்காயம் சித்தப்பா: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். ஹவாய், அரிசோனா எல்லாம் சொன்னாய், நம் ஊரை விட்டுவிட்டாயே! இங்கே எங்கள் மலைக்கு மேலே காவலூர் வான் ஆய்வகத்தில், 1988 பிப்ரவரியில் இராஜமோகன் குழு ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தது. 4130 இராமானுஜன் என்று பெயர். கணிதமேதையின் பெயர்தான். அந்தத் தேடலுக்குக் 'கல்கி' திட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அதற்கு வெகு முன்பே நுங்கம்பாக்கத்தில் வான் ஆய்வகம் இருந்தது, 1792-இல் கட்டியது. 1861 ஏப்ரலில் அங்கிருந்து ஆங்கிலேய வானியலாளர் போக்சன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு 'ஆசியா' என்று பெயர். இந்தக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் அது. அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதே இல்லை. எனக்கு அது பெரிய குறை.

அத்தை: நுங்கம்பாக்கத்திலா? இத்தனை வருடம் அந்த வழியாகத்தான் போய்வருகிறேன்!

ஆலங்காயம் சித்தப்பா: வானிலை அலுவலக வளாகம்தான் அந்த இடம். தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது.

அக்கா: சரி, 2029-இல் இங்கிருந்து பார்க்க முடியுமா? அதைச் சொல்லுங்கள்.

நான்: மிக அருகில் வரும் நேரத்தில் அது அட்லாண்டிக் கடலுக்கு மேலே இருக்கும். அதற்கு முன், 13-ஆம் தேதி நம் முன்னிரவில், இந்தியப் பெருங்கடல் பக்கமாக வந்து ஆப்பிரிக்காவை நோக்கி நகரும். தெற்கு வானம் மறைக்காத இடம் வேண்டும். கையில் பைனாகுலர் இருந்தால் நல்லது. எரிநட்சத்திரம் மாதிரி ஓடாது, மங்கலான புள்ளியாக மெல்ல நகரும். அமாவாசையை ஒட்டிய இரவு என்பதால் நிலா வெளிச்சத் தொல்லையும் இல்லை.

ஆலங்காயம் சித்தப்பா: சென்னை வெளிச்சத்தில் கஷ்டம். எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள். மச்சான், நீங்களும்தான்.

நாகை மாமா: வருகிறேன் மாப்பிள்ளை.

அக்கா: மறுநாள் வருடப்பிறப்பு. மாங்காய்ப் பச்சடி சித்தி கையால் என்றால் நாங்களும் ரெடி.

ஆலங்காயம் சித்தப்பா: வேப்பம்பூ வாசலிலேயே இருக்கிறது. மாங்காய் மட்டும் யாராவது வாங்கி வாருங்கள்.