இழை: கடலடிக் கப்பலுக்கும் அதில் இறங்குபவருக்கும் சொல் வேண்டும்

அன்புள்ள அனைவருக்கும்,

கடலில் இறங்கிக் கப்பல்களை ஆராயும் ஜான் சாட்டர்ட்டனும் ரிச்சி கோலரும் ஹிஸ்டரி சேனல் தொலைக்காட்சியில் நடத்திய கப்பல் மர்மத் தொடரைப் பற்றி ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இருவருக்கும் பெயர் வாங்கித் தந்தது, 1991-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்கு அப்பால் ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் கிடைத்த ஜெர்மானிய நீர்மூழ்கி. வழக்கிலுள்ள சொற்களைப் போட்டால் ‘மூழ்கிய நீர்மூழ்கிக்குள் நீர்மூழ்கு வீரர்கள் மூழ்கினார்கள்’ என்று வருகிறது. அங்கே இறங்கியவர்களில் மூவர் உண்மையாகவே உயிரிழந்தார்கள். இறங்கியவர் யார், இறந்தவர் யார் என்று வாசகருக்குத் தெரிய வேண்டாமா? கப்பலுக்கு ஒரு சொல், ஆளுக்கு ஒரு சொல் தாருங்கள்.

—

ஐயா,

கப்பலுக்குச் சொல் நம்மிடமே இருக்கிறது. மணிமேகலையின் ஆதிரை கதையில் சாதுவன் ஏறிய நாவாய் கெட்ட இடத்தைப் பாருங்கள். ‘உடைகலம்’! ஆளுக்குக் ‘குளியர்’. குளித்தல் இன்று உடம்பு கழுவுவதாகச் சுருங்கிவிட்டது. முத்துக்குளித்தலில் மட்டும் மூச்சடக்கி இறங்கும் பழம்பொருள் பிழைத்திருக்கிறது. குளம், குளிர், குளி, குழி எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. குழிவதால் குளம், குளத்தில் இறங்குவதால் குளி. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

—

> உடைகலம்

அம்மா, இது வினைத்தொகை. முக்காலத்துக்கும் பொதுவானது; உடையப்போகும் கலத்தையும் குறிக்கும். அதைவிட, உடையாமல் மூழ்கியதை என்ன செய்வீர்கள்? டைட்டானிக் இரண்டாக முறிந்தது, சரி. அதன் தங்கைக் கப்பல் பிரிட்டானிக் 1916-இல் கண்ணிவெடியில் சிக்கி 55 நிமிடத்தில் மூழ்கியது. கிரேக்கத்தின் கேயா தீவருகே, முகப்பு சிதைந்தாலும் பெரும்பாலும் முழு உருவோடு ஒருக்களித்துக் கிடக்கிறது. அதற்கு ‘ஆழ்கலம்’தான் பொருந்தும். ஆழ்வார் என்ற பெயரிலேயே இந்த ‘ஆழ்’ இருக்கிறது.

—

ஊறுகாய் என்றால் ஊறப்போகும் காய் என்று எவராவது நினைக்கிறார்களா? வினைத்தொகையின் காலத்தை வழக்கு முடிவு செய்யும். ஆழ்கலமும் வினைத்தொகைதானே, ஐயா!

—

நான் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். இன்றைய பிள்ளைக்குக் கலம் என்றால் பாத்திரம். உடைகலம் என்று எழுதினால் உடைந்த பானை என்றுதான் படிப்பான். ‘கப்பல்’ தூய தமிழா என்று ஐயுற்று அதைத் தள்ள வேண்டாம். மலாய்க்காரர்கள் ‘கபால்’ என்பது நம்மிடமிருந்து போனதுதான். ‘மூழ்கிய கப்பல்’ என்றால் என்ன குறை?

—

குறை இருக்கிறது. மூழ்கிய கப்பல் ஒரு வருணனை, கலைச்சொல் அன்று. அதிலிருந்து இன்னொரு சொல்லைக் கிளைக்க வைக்க முடியாது. எளிமைக்காக இலக்கியச் சொல்லை இழக்கச் சம்மதியேன்.

—

கப்பலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆளை மறந்துவிட்டோம். ‘குளியர்’ என்ற சொல் இவர்கள் வேலையைத் தாங்குமா? அந்த நியூ ஜெர்சி நீர்மூழ்கி எதுவென்று தேடியபோது, மரப்பிடியில் ‘ஹோரன்பர்க்’ என்று செதுக்கிய ஒரு கத்தி அதிலிருந்து மேலே வந்தது. அந்தப் பெயருடையவர் யூ-869 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியில் இருந்தவர். ஆவணங்களோ அக்கப்பல் ஜிப்ரால்டர் அருகே மூழ்கடிக்கப்பட்டதாகச் சொல்லின. கத்தி ஒன்றை வைத்து முடிவு செய்ய முடியாமல் மீண்டும் மீண்டும் இறங்கினார்கள். 1997-இல் உதிரிபாகப் பெட்டியின் தகட்டில் கப்பலின் எண் கிடைத்த பிறகே அது யூ-869 என்று உறுதியானது. அத்தனை ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் மூளையை மயக்கும். அந்த நிலையில் சான்று தேடியவர்களை ‘முக்குளிப்பு ஆய்வர்’ என்றாவது சொல்ல வேண்டும்.

—

முக்குளிப்பான் ஒரு நீர்ப்பறவை. குழப்பம் வரும்.

—

பறவைக்கு ‘ஆன்’ ஈறு, ஆளுக்கு ‘ஆளர்’. முக்குளிப்பாளர். குழப்பம் எங்கே?

—

அனைவருக்கும் நன்றி. கட்டுரையை அனுப்பிவிட்டேன். ‘மூழ்கிய கப்பல்’, ‘முக்குளிப்பாளர்’ என்றே எழுதினேன். நால்வர் அதை ஏற்றீர்கள். யூ-869 வரும் இடமெல்லாம் ‘நீர்மூழ்கிக் கப்பல்’ என்று முழுதாகப் போட்டுவிட்டேன். தலைப்பில் மட்டும் ‘உடைகலம்’ வைத்திருக்கிறேன்.

—

தலைப்பில் வைத்ததை உள்ளே ஏன் விட்டீர்கள்? நான் இன்னும் உடன்படவில்லை. குளி–குழி மடல் நாளை வரும்.