பொருள் வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பா?

ஒற்றைப்பெட்டி:
தப்புதான் என்பது என் கட்சி. திருடினால் தப்பு, ஏமாற்றினால் தப்பு, சொந்தக் காசில் வாங்கினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நான் வாங்குவதைப் பற்றிப் பேசவில்லை. வாங்குவதற்கு முன்னால் மனசுக்குள் மாதக்கணக்கில் ஓடுகிறதே, அதைப் பற்றிப் பேசுகிறேன். எதிரில் உட்கார்ந்து ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். நம் கண் அவர் கட்டியிருக்கும் கடிகாரத்தின் மேல் இருக்கும். என்ன மாடல், எங்கே வாங்கியிருப்பார், நமக்குக் கட்டுப்படியாகுமா. அந்த நேரத்தில் எதிரில் இருப்பவர் மனிதராகவே தெரிவதில்லை.

பிரான்சில் 18ஆம் நூற்றாண்டில் திதரோ என்ற சிந்தனையாளர் இருந்தார், கலைக்களஞ்சியம் தொகுத்தவர். பழைய அங்கியின் நுனியால் புத்தகத் தூசியைத் துடைப்பார், பேனா மையையும் அதிலேயே துடைத்துக்கொள்வார். அப்புறம் ஒரு புதிய சிவப்பு அங்கி வந்து சேர்ந்தது. அதன் பக்கத்தில் வைக்கோல் நாற்காலி அசிங்கமாகத் தெரிய, தோல் நாற்காலி வந்தது. பிறகு வெறும் பலகை போய் வேலைப்பாடு செய்த அலமாரி வந்தது. இப்படியே அறை முழுக்க மாறியது. பழைய அங்கிக்கு நான் எஜமானாக இருந்தேன், புதியதற்கு அடிமையாகிவிட்டேன் என்று 1769 வாக்கில் புலம்பி எழுதினார். ஒரு ஆசை தனியாக வருவதில்லை, கூட்டத்தோடுதான் வரும்.

தையல்காரம்மா மகன்:
சார், திதரோவிடம் முதலில் ஒரு அங்கி இருந்தது. அதை விட்டுவிட்டீர்கள்.

என் அம்மாவிடம் சொந்தத் தையல் மிஷின் இல்லாத காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன்னொரு வீட்டு மிஷினில், அந்த வீட்டுக்காரம்மா மதியம் தூங்கும் நேரத்தில் தைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. துணி மூட்டையோடு போவார். அங்கே விருந்தாளி வந்திருந்தால் வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான். ஊசி உடைந்தால் பேச்சு கேட்க வேண்டும், உடைத்தது யாராக இருந்தாலும். மிஷின் வேண்டும் என்ற ஆசை அவருக்குள் வருஷக்கணக்கில் இருந்தது. கடைசியில் ஒரு பழைய மிஷின் வந்தது. பெல்ட் தளர்ந்து கிடந்தது, மேல்பலகையில் யாரோ சூடான பாத்திரம் வைத்த வட்டத் தழும்பு. எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும் சொட்டு விட்டு, கழிவுத் துணியில் வெள்ளை நூலால் ஓட்டிப் பார்ப்பார், எண்ணெய்க் கறை நின்ற பிறகுதான் அடுத்தவர் துணியைத் தொடுவார். அன்றிலிருந்து அவர் நேரம் அவருடையது.

அந்த ஆசையும் தப்பா? ஆம் என்றால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.

ரவுண்டானா:
வள்ளுவர் "அவா அறுத்தல்" என்று ஒரு அதிகாரமே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். முடிஞ்சது. இந்த விவாதத் திரியைப் பூட்டுங்கப்பா.

மழைக்கிளி:
@ரவுண்டானா அவரேதான் "பொருள் செயல்வகை" என்றும் ஒரு அதிகாரம் எழுதினார். முன்னது துறவறவியலில் இருக்கிறது, பின்னது பொருட்பாலில். துறவிக்குச் சொன்னதை எடுத்து வீட்டுக் கடன் கட்டுகிறவன் தலையில் கட்டினால் எப்படி? திரி திறந்தே இருக்கட்டும்.

ஒற்றைப்பெட்டி:
தம்பி, உங்கள் அம்மாவின் மிஷின் தொழில் கருவி. அது தேவை. நான் பேசுவது ஆசையை. எபிகூரஸ் என்ற கிரேக்கரைச் சுகவாசி என்று எல்லோரும் தப்பாகச் சொல்வார்கள். அவர் ஆசைகளை மூன்றாகப் பிரித்தார்: இயற்கையானதும் அவசியமானதும்; இயற்கையானது, ஆனால் அவசியமில்லாதது; இரண்டுமே இல்லாத வெற்று ஆசை. பசிக்குச் சாப்பாடு முதல் வகை. புகழும் எல்லையில்லாத செல்வமும் மூன்றாவது வகை. முதல் வகைக்கு ஒரு எல்லை இருக்கிறது, வயிறு நிறைந்தால் நின்றுவிடும். மூன்றாவதற்கு அப்படி நிற்கும் இடமே இல்லை. என் சண்டை அதோடுதான்.

ஆதாரம் வேண்டுமென்றால் 1978இல் பிரிக்மன் என்பவரும் சகாக்களும் செய்த ஆய்வைப் பாருங்கள். லாட்டரியில் பெரும்பணம் அடித்தவர்களின் சந்தோஷம் அக்கம்பக்கத்தாரைவிடக் குறிப்பிடும்படி அதிகம் இல்லை. அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் கிடைக்கும் இன்பம் அவர்களுக்குக் குறைந்தும் போயிருந்தது.

கணக்குப்பிள்ளை:
இந்த ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. லாட்டரி அடித்தவர்கள் 22 பேர். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு மனித குலத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது.

ஸ்வீடனில் லாட்டரி வென்றவர்களை மிகப் பெரிய அளவில் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். பெரிய தொகை வென்றவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி கூடியிருந்தது, பத்து வருஷம் தாண்டியும் அது கரையவில்லை. "இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்" என்ற கேள்விக்கு மட்டும் வித்தியாசம் சின்னதாகவே இருந்தது. ஆக, பணம் வந்தவன் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு திரியவில்லை, ஆனால் தன் வாழ்க்கை பரவாயில்லை என்று நினைக்கிறான். எனக்கு அது போதும்.

தையல்காரம்மா மகன்:
நன்றி கணக்குப்பிள்ளை சார்.

ஒற்றைப்பெட்டி சார், மிஷினைத் தேவைப் பட்டியலுக்கு மாற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறீர்கள். அன்றைக்கு யாரும் அதைத் தேவை என்று சொல்லவில்லை. "இருக்கிற நிலைமையில இவளுக்கு மிஷின் கேக்குதா" என்றுதான் சொன்னார்கள். வாங்கி, அதில் சம்பாதித்துக் காட்டிய பிறகுதான் தேவை ஆனது. இல்லாதவன் ஆசைப்பட்டால் பேராசை. இருப்பவன் ஆசைப்பட்டால் ரசனை. இதுதான் நடைமுறை.

மழைக்கிளி:
எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம்.

ஒருவர் தேவை என்று சொல்லி ஆசையை ஒதுக்குகிறார். இன்னொருவர் அந்த ஆசை பிற்பாடு சம்பாத்தியம் தந்தது என்று கணக்குக் காட்டி அதற்கு மன்னிப்பு வாங்கித் தருகிறார். எதற்குமே உதவாத ஒரு பொருளை அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் விரும்பினால்? என் மேசையில் ஒரு நீலக் கண்ணாடி விளக்கு இருக்கிறது. படிக்க வெளிச்சம் போதாது. தூசி துடைப்பதே ஒரு வேலை. மாலையில் போட்டால் எதிர்ச் சுவரில் நீலம் படர்கிறது, அதற்காகத்தான் வாங்கினேன். இதற்கு நான் யாருக்கும் விளக்கம் கொடுக்க மாட்டேன்.

தென்னாப்பிரிக்காவில் ப்ளாம்போஸ் என்ற குகையில் துளையிட்ட சின்னச் சின்ன நத்தை ஓடுகளை எடுத்திருக்கிறார்கள். சுமார் 75,000 வருஷம் பழையவை. கோத்துப் போட்டுக்கொண்டதால் துளையோரம் தேய்ந்திருக்கிறது, சிவப்பு நிறமும் ஒட்டியிருக்கிறது. அப்போது விவசாயம் கிடையாது, வீடு கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஆனாலும் ஒருவர் உட்கார்ந்து ஓட்டில் துளை போட்டிருக்கிறார். இதை வெற்று ஆசை என்று தள்ளினால் மனிதனில் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒற்றைப்பெட்டி:
மழைக்கிளி மேடம், ஒரு நீல விளக்கோடு நீங்கள் நின்றுவிட்டால் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. நிற்கிறவர்கள் எத்தனை பேர்?

மழைக்கிளி:
நிற்காதவர்களின் தப்பு என்றால் தலைப்பை "நிறுத்தாமல் இருப்பது தப்பா" என்று வைத்திருக்க வேண்டும். "ஆசைப்படுவது தப்பா" என்று வைத்தது நீங்கள்.

பழுதுபார்ப்பவன்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கைபேசி, மடிக்கணினி பழுதுபார்ப்பது என் தொழில். பொருளாசை பிடித்த மனிதர்களைத் தினமும் பார்க்கிறேன் என்று நினைப்பீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பொருள் மேல் உண்மையிலேயே ஆசை உள்ளவரைப் பார்ப்பதே அபூர்வம்.

ஒருவர் போனைக் கொண்டுவருவார். பேட்டரி மட்டும்தான் போயிருக்கும், மற்றதெல்லாம் நன்றாக இருக்கும். "மாத்தினா எவ்வளவு" என்று கேட்டுவிட்டு, பதிலை முழுசாகக் கேட்கக்கூட மாட்டார். புதுசு வாங்க ஒரு சாக்கு அவருக்குத் தேவை, அதை என் வாயிலிருந்து வாங்கப் பார்ப்பார். அந்தப் போனின் மேல் அவருக்கு எந்தப் பிடிப்பும் இல்லை. இனி வாங்கப்போகும் போனின் மேலும் டப்பாவைப் பிரிக்கும் வரைதான் இருக்கும். எப்போதாவது ஒரு பெரியவர் வருவார், பழைய ரேடியோவைத் துணியில் சுற்றிக்கொண்டு. ஒலி கூட்டும் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது என்பார். குமிழுக்கு அடியில் தூசி, அவ்வளவுதான். சுத்தம் செய்து கொடுத்தால் காதோடு வைத்து முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகே காசு கொடுப்பார். பொருளாசை என்றால் எனக்கு அதுதான். அதில் தப்பு எங்கே இருக்கிறது?

தப்பு வேறு இடத்தில். முன்பெல்லாம் பல போன்களில் பின்மூடியை நகத்தால் நெம்பினாலே பேட்டரி கையில் வந்துவிடும். இப்போது பெரும்பாலும் பசை. மூடியைச் சூடுகாட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தகடை ஓரத்தில் விட்டு, உள்ளே இருக்கும் நாடா வயர் அறுந்துவிடாமல் சுற்றிவர வேண்டும். நல்ல கை உள்ளவனுக்கே நேரம் பிடிக்கும். இது புதுக் கதையும் இல்லை. 1924இல் பெரிய பல்பு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூட்டு வைத்து, பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று முடிவுகட்டின. அதுவரை 1,500, 2,000 மணி நேரம் எரிந்த பல்புகள் உண்டு. அதிக நாள் எரியும் பல்பு செய்த உறுப்பினருக்கு அபராதமே போட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
அண்ணா, ஒரு சின்னத் திருத்தம். இழை பல்பில் ஆயுள் குறைந்தால் அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் கூடும். அந்த நிறுவனங்கள் அதையும் காரணமாகச் சொன்னார்கள்.

பழுதுபார்ப்பவன்:
சொன்னார்கள். அபராதத்துக்கு என்ன காரணம் சொன்னார்கள்?

தையல்காரம்மா மகன்:
😀

ஒற்றைப்பெட்டி சார், நீங்கள் கிரேக்கரைக் கூப்பிட்டதால் நான் புத்தரைக் கூப்பிடுகிறேன். ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்றவர் அவர், உங்கள் கட்சிக்காரர் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் அனாதபிண்டிகர் என்ற வணிகரிடம் இல்லறத்தானுக்கு நான்கு சுகங்கள் உண்டு என்கிறார்: நேர்மையாகச் சேர்த்த பொருள் இருக்கிறது என்ற சுகம், அதை அனுபவிக்கும் சுகம், கடன் இல்லாத சுகம், குற்றமற்ற வாழ்வின் சுகம். முதல் சுகமே பொருள் இருப்பதுதான், கவனித்தீர்களா? அந்த வணிகரைப் பார்த்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை.

ஒற்றைப்பெட்டி:
அதே உரையைக் கடைசிவரை படியுங்கள் தம்பி. முதல் மூன்றும் நான்காவதில் பதினாறில் ஒரு பங்குக்குக்கூட ஆகாது என்று முடிக்கிறார்.

சரி, அந்த நான்காவதையே எடுத்துக்கொள்வோம். இன்றைக்குக் குற்றமற்றுப் பொருள் வாங்க முடியுமா? பழுதுபார்ப்பவன் அண்ணா மாற்றிப் போடும் பேட்டரியிலேயே கோபால்ட் இருக்கும். உலகத்தில் தோண்டி எடுக்கும் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளில் குழந்தைகளும் வேலை செய்கிறார்கள். திதரோவின் ஆசை அவர் அறையோடு நின்றது. நம் ஆசை போய் நிற்கும் இடம் நம் கண்ணுக்கே தெரிவதில்லை. மழைக்கிளி மேடத்தின் நத்தை ஓட்டுக்காரர் தன் மணியைத் தானே துளைத்துக்கொண்டார். அந்த வித்தியாசத்தை யாரும் பேசவில்லையே?

மழைக்கிளி:
இது நியாயமான கேள்வி. ஆனால் இது விரும்புவதைப் பற்றிய கேள்வி இல்லை, எப்படிச் செய்கிறார்கள், யாருக்கு என்ன கூலி கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றியது. அந்தச் சுமையை முழுக்க வாங்குகிறவர் மனசாட்சி மேல் ஏற்றினால் நிறுவனத்துக்குத்தான் கொண்டாட்டம். உங்கள் பெயருக்கேற்ப நீங்கள் ஒற்றைப் பெட்டியோடு வாழ்வதால் அந்தக் குழி மூடப்படாது.

ஒற்றைப்பெட்டி:
மூடப்படாதுதான். அதற்காக என் பங்கையும் அதில் போட வேண்டுமா?

தையல்காரம்மா மகன்:
அந்தக் குழியில் தோண்டுகிறவருக்கும் ஒரு நல்ல போன் வேண்டும் என்ற ஆசை இருக்கும் சார். பிள்ளைக்குச் சைக்கிள் வேண்டும், வீட்டுக்குக் கதவு வேண்டும் என்று இருக்கும். அவரிடம் போய் உங்கள் தலைப்பைப் படித்துக் காட்டுவீர்களா?

ஒற்றைப்பெட்டி:
மாட்டேன். அவரிடம் கேட்கவும் இல்லை. நன்றாக ஓடுகிற போனை வைத்துக்கொண்டு அடுத்ததை வேடிக்கை பார்க்கிறவர்களிடம்தான் கேட்டேன். அவர்கள் யாரும் இந்தப் பக்கம் வரவில்லை பாருங்கள்.

ரவுண்டானா:
நான் வந்தேனே 🙋 ஓடுகிற போன்தான், ஆனால் பேட்டரி லேசாக உப்பி, திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பழுதுபார்ப்பவன் அண்ணா, மாத்தலாமா, இல்ல புதுசுக்குப் போயிடவா? ரெண்டு மாசமா ஒரு மாடலைப் பாத்து வெச்சிருக்கேன்.

பழுதுபார்ப்பவன்:
முதலில் அதைச் சார்ஜில் போடாதீர்கள். அணைத்து வையுங்கள். தூக்கி நிற்கிறதே என்று அமுக்கிப் பார்க்காதீர்கள், தலையணைக்கடியில் வைக்காதீர்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும். திரையும் போர்டும் நன்றாக இருந்தால் பேட்டரி மாற்றினாலே போதும். மாடல் எண்ணைத் தனிமடலில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அந்த இன்னொரு மாடலைப் பற்றி ஒற்றைப்பெட்டி சாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.