ஐஐடியில் பெண்களுக்கான கூடுதல் இடங்கள்: மாணவர்களின் இடம் பறிபோகிறதா?

வைகைக்கரை (கேள்வி):
வணக்கம். என் மகள் ஓர் ஐஐடியில் இயந்திரவியல் முதலாண்டு படிக்கிறாள். பெண்களுக்கென உள்ள இடத்தில் சேர்ந்தவள். பட்டறை வகுப்பில் லேத் இயந்திரத்தின் முன் நின்றிருந்தவளிடம், உடன் படிக்கும் மாணவன் ஒருவன், தன் நண்பன் அவளைவிட ஆயிரம் ரேங்க் முன்னால் இருந்தும் இந்தப் பிரிவு கிடைக்காமல் போனதைச் சொல்லியிருக்கிறான். அன்றிரவு தொலைபேசியில், "அப்பா, நான் வேற யாரோட இடத்துலயோ உட்கார்ந்திருக்கேனா?" என்று கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் பெண்களுக்கெனத் தனி ஒதுக்கீடு இல்லாமலே கணினி, மின்னணுவியல் வகுப்புகள் மாணவிகளால் நிறைந்திருக்கும்போது, ஐஐடிக்கு மட்டும் இது ஏன் தேவைப்பட்டது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
ஐயா, இதை எண்களால் விளக்குவதே எளிது. 2016இல் ஐஐடிகளில் சேர்ந்தவர்களில் பெண்கள் சுமார் 8 விழுக்காடுதான். 2018இல் 14, 2019இல் 17, 2020இல் 20 விழுக்காடு என்று இலக்கு வைத்துக் கூடுதல் இடங்களை உருவாக்கினார்கள். நூறு இடமுள்ள பிரிவில் 92 மாணவர்களும் 8 மாணவிகளும் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த 92 இடங்களைப் பொதுவில் அப்படியே விட்டுவிட்டு, பெண்களுக்கான 8 இடங்களோடு புதிதாக 15 இடங்களைச் சேர்த்தால் மொத்தம் 115; அதில் பெண்களின் 23 இடங்கள் சரியாக 20 விழுக்காடு. அந்த மாணவனின் நண்பருக்கு உங்கள் மகளின் ரேங்கைவிட நல்ல ரேங்க் இருந்திருக்கலாம். ஆனால் அவர் தவறவிட்டது அந்த 92இல் ஓர் இடத்தை. உங்கள் மகளின் இடம் அந்த 92க்குள் வரவில்லை. பெண்கள் முதலில் பெண்களுக்கான இடங்களுக்கும், அங்கே கிடைக்காவிட்டால் மட்டுமே பொது இடங்களுக்கும் போட்டியிடுவது கலந்தாய்வின் விதி. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசைப் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்ற நிபந்தனை பெண்களுக்காகத் தளர்த்தப்படவில்லை, எஸ்.சி., எஸ்.டி., ஓபிசி ஒதுக்கீடுகளுக்குள்ளும் இதே கணக்குத்தான் தனித்தனியே நடக்கிறது. கூட்டம் கூடியதால் விடுதியிலும் ஆய்வகத்திலும் நெருக்கடி ஏற்பட்டது என்ற குறை வேறு. அதில் நியாயம் உண்டு.

பழைய கிண்டி மாணவி:
இரண்டாவது கேள்விக்கான விடை நுழைவாயிலில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூவில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் போதும். பேருந்து தூரத்தில் ஒரு கல்லூரியும் இருக்கும். ஜேஇஇ என்றால் பதினைந்து வயதில் ராஜஸ்தானின் கோட்டா போன்ற பயிற்சி மைய ஊருக்கோ பெருநகரப் பயிற்சி மையத்துக்கோ அனுப்ப வேண்டும். மகனை அனுப்பக் கடன் வாங்கும் வீட்டில், மகளுக்கு என்றதும் "அவ்வளவு தூரமா?" என்ற கேள்வி எழும். திறமையை அளப்பதாகச் சொல்லப்படும் தேர்வு, அதற்கு முன்பே வீட்டுக்குள் நடந்துவிட்ட தேர்வையும் சேர்த்தே அளக்கிறது.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் கிண்டி பொறியியல் கல்லூரியே சான்று. 1940இல் ஏ. லலிதா மின்பொறியியலில் சேர்ந்தபோது அவர் கைக்குழந்தையோடு இருந்த இளம் விதவை. தந்தை அங்கேயே பேராசிரியராக இருந்ததால்தான் கதவு திறந்தது. பின்னர் பி.கே. திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சிவில் பிரிவில் சேர்ந்து துணையானார்கள். அவர்களுடைய பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த சொல்லை அடித்துப் பெண்பாலாகத் திருத்தித் தர வேண்டியிருந்ததாம். திரேசியா பிற்காலத்தில் கேரளத்தின் தலைமைப் பொறியாளரானார்.

தருமபுரியான்:
முழுவதும் உடன்பட முடியவில்லை. கூடுதல் இடங்களால் உள்ளே வருவோரில் பெரும்பாலோர் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பெண்கள்தாம் என்பது என் கணிப்பு. எங்கள் ஊர் அரசுப் பள்ளி மாணவிக்கு ஐஐடி வாசல் இன்னும் அதே தூரத்தில்தான் இருக்கிறது. அவளுக்குப் பயன்பட்டது 2021இல் தமிழ்நாடு அரசு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காகப் பொறியியலுக்கும் கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு.

சார்லஸ் ஆற்றங்கரை:
தருமபுரி நண்பரின் கருத்துக்கு, நான் வசிக்கும் அமெரிக்காவிலிருந்து ஓர் ஒப்பீடு. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே எம்ஐடி எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் முதலாண்டு வகுப்பில் கறுப்பின மாணவர்களின் பங்கு சுமார் 15 விழுக்காட்டிலிருந்து 5 ஆகவும், ஹிஸ்பானிய மாணவர்களின் பங்கு 16இலிருந்து 11 ஆகவும் இறங்கியது. ஆசிய அமெரிக்கர்கள் 40இலிருந்து 47க்கு ஏறினார்கள். பெண்களோ ஏறக்குறைய பாதியாகவே நீடிக்கிறார்கள். பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டமே தனியார் கல்லூரிகளின் இளங்கலைச் சேர்க்கைக்கு விலக்கு அளித்திருப்பது இங்கே பலருக்குத் தெரியாது. ஆகவே, பாலின எண்ணிக்கை சரியாகிவிட்டது என்பதால் மற்றப் பிரிவினரும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று கொள்ள முடியாது. நம்மவர்கள் அந்த 47ஐ மட்டும் பார்த்து மகிழ்வதைக் கண்டு எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

வைகைக்கரை:
அனைவருக்கும் நன்றி. 92, 115 கணக்கை அவளுக்கு அனுப்பினேன். "சரிப்பா, அவன்கிட்டயும் காட்டுறேன்" என்று பதில் வந்தது. கூடவே, பட்டறைக்கான பாதுகாப்புக் காலணி அவள் அளவில் இன்னும் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறாள்.