பெரியப்பாவின் பிரிண்டர் போர்ட்டுக்கு எந்த கார்டு?

குழு: செவ்வாய்ப்பேட்டை சொந்தங்கள்

மாணிக்கம்: நேற்று விழுந்த இடியில் பட்டறை கம்ப்யூட்டரின் பிரிண்டர் போர்ட் போய்விட்டது. மற்றபடி ஓடுகிறது. பிரிண்டரைப் பக்கத்துக் கடையில் மாட்டிப் பார்த்தேன், நன்றாக அடிக்கிறது. பிரபு, என்ன செய்யலாம்?

கவிதா: லேசர் பிரிண்டரோடு புதுசாகவே வாங்கிவிடுங்களேன் பெரியப்பா.

மாணிக்கம்: ஒரே அடியில் மூன்று சீட்டு வேண்டும் கண்ணு. கொடுத்த வெள்ளி, சேதாரம், கூலி எல்லாம் அதில்தான். கொலுசு செய்கிறவருக்கு ஒன்று, பார்ட்டிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. லேசரில் கார்பன் பதியாது.

சரவணன்: யூஎஸ்பியில் செருகுகிற பிரிண்டர் கேபிள் விற்கிறதே அண்ணா?

பிரபு: இங்கே அது உதவாது சித்தப்பா. அந்தக் கேபிள் பிரிண்டருக்கு மட்டும்தான். விண்டோஸுக்கு முந்திய டாஸில் ஓடும் பெரியப்பாவின் கணக்குப் புரோகிராமுக்கு, காப்பியடித்து ஓட்டாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. போர்ட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே செருகியிருக்கும் சின்னப் பெட்டி. அது உண்மையான போர்ட் இல்லாமல் வேலை செய்யாது.
பெரியப்பா, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து ஒரு போட்டோ அனுப்புங்கள்.

மாணிக்கம்: [படம்]

பிரபு: நல்லவேளை! கார்டு செருகும் இடங்களில், வெள்ளையாகக் குட்டையாக இருப்பவை பிசிஐ. ஓரத்தில் கறுப்பாக நீளமாக ஒன்று இருக்கிறதே, அது பழைய வகை, ஐஎஸ்ஏ. நமக்கு அதில் உட்காரும் கார்டுதான் வேண்டும்.

கவிதா: பிசிஐ கார்டு புதிதாகவே கிடைக்குமே அண்ணா?

பிரபு: கிடைக்கும். விண்டோஸிலிருந்து மட்டும் பிரிண்ட் எடுப்பதென்றால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் பிசிஐ கார்டின் போர்ட்டுக்கு முகவரி எண்ணை பயாஸ், அதாவது கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் புரோகிராம், தன் இஷ்டத்துக்கு ஒதுக்கும். பழைய பூட்டுகளில் பல நேராக 378 என்ற முகவரியில்தான் தேடும். ஐஎஸ்ஏ கார்டில் ஜம்பரை, அதாவது ஊசிகளில் மாட்டும் சின்னச் செருகியை, மாற்றி முகவரி 378, கார்டு கம்ப்யூட்டரைக் கூப்பிடும் எண் (ஐஆர்க்யூ) 7 என்று நாமே வைத்துவிடலாம். டாஸுக்கு டிரைவரும் வேண்டாம், கம்ப்யூட்டர் எழும்போது பயாஸே கண்டுபிடித்துக்கொள்ளும்.

சரவணன்: அது இப்போது எங்கே கிடைக்கும்?

பிரபு: பழைய கம்ப்யூட்டர் உடைக்கிற கடைகளில் மல்டி ஐஓ கார்டு என்று கேளுங்கள். இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவில் தேடலாம். 486 காலத்தில் ஹார்ட் டிஸ்க், பிளாப்பி, சீரியல், பிரிண்டர் எல்லாம் அந்த ஒரே கார்டில்தான். ஜம்பர் விவரம் கார்டிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். இல்லாததைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். பிரிண்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஜம்பரால் அணைத்தே ஆக வேண்டும். அவை மதர்போர்டிலேயே இருக்கின்றன, இரண்டும் மோதினால் கம்ப்யூட்டர் எழாமலே போகலாம். போர்டில் கெட்டுப்போன போர்ட்டையும் பயாஸில் அணைத்துவிட வேண்டும்.

மாணிக்கம்: சரி. பூட்டும் இடியில் போயிருந்தால்?

பிரபு: அதுதான் எனக்கும் கவலை. கார்டு தேடும் முன்னால் பூட்டைச் சோதித்துவிட வேண்டும். பிரிண்டர் போர்ட்டோடு, டாஸ் புரோகிராமும் ஓடக்கூடிய விண்டோஸ் 98 கம்ப்யூட்டர் யாரிடமாவது இருக்கிறதா?

சுதா: ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் ஆபீஸில் ஒன்று இருக்கிறது. காபி மூட்டைக் கணக்கு இன்னும் அதில்தான். எடுத்துக்கொண்டு வாங்க அண்ணா.

பிரபு: அருமை அத்தை. பெரியப்பா, கிளம்பும் முன் ஹார்ட் டிஸ்க்கை ஒரு காப்பி எடுத்துவிடலாம். இத்தனை வருடப் பற்று வரவு அந்த ஒன்றில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன்.

மாணிக்கம்: வா கண்ணு. அதுவரை கையால் சீட்டு எழுதிக்கொள்கிறேன்.