பேக்கிங், கிரில்: அனலில் வேகவைப்பதும் தணலில் சுடுவதும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பேக்கிங், கிரில் இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடி நம் மடற்குழுவில் ஒரு வாரமாக ஓடும் இந்த இழையை ஒரு மடல் விடாமல் படித்துவிட்டேன். பேக்கிங் என்பதற்கு வெதுப்பல், அடுதல், சூளையிடல், சுடல் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. கிரில்லுக்கு வாட்டல், தணற்சுடல், காழ்ச்சுடல். எனக்கு இந்தச் சொற்கள் உடனே தேவைப்படுகின்றன. மதுரை திருநகரில் எங்கள் தெருப் பெண்கள் 12 பேருக்குச் சனிக்கிழமை மதியம் கேக், பன், வாழையிலையில் சுற்றிய மீன் என்று வீட்டுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி எளிய சமையல் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் வீட்டில் மின்சார அவன் (oven) கிடையாது. கேஸ் அடுப்பில், கனமான அலுமினியக் குக்கரில் செய்கிறார்கள். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் காயவிட்டு, கேக் டின்னை உள்ளே இறக்கினால் போதும். சிறு தீயில் 35, 40 நிமிடத்தில் கேக் வந்துவிடும். அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு செய்முறைத் தாள் எழுத வேண்டும். அதற்குத்தான் சொல் தேடுகிறேன்.

நம் குழுவில் வந்த சொற்களை வைத்தே ஒரு சோதனை செய்தேன். ஒரே கேக் செய்முறையை மூன்று விதமாக எழுதி, புதிதாகச் சேர்ந்த மூன்று பேரிடம் கொடுத்தேன்.

முதல் தாளில் “30 நிமிடம் வெதுப்பவும்” என்று இருந்தது. படித்தவர், “வெதுவெதுன்னு இருந்தாப் போதும்லக்கா?” என்று கேட்டார். தீயை இருப்பதிலேயே குறைத்து வைத்தார். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் மாவு மாவாகவே இருந்தது. அவர் மேல் தப்பில்லை. குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரைத்தான் எங்கள் ஊரில் வெதுவெதுப்பு என்போம்.

இரண்டாவது தாளில் “வேகவைக்கவும்” என்று எழுதியிருந்தேன். “தண்ணி எவ்வளவு ஊத்தணும்?” என்றார். இட்லிச் சட்டியில் வைத்து எடுத்தார். கேக் வெந்திருந்தது, ஆனால் வெளுத்துப்போய், மேலே ஈரம் கோத்து இருந்தது.

மூன்றாவது தாள் “சுடவும்”. அவர் கேட்ட கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. “கல்லுலயா, எண்ணெயிலயா, தீயிலயா?”

நியாயமான கேள்வி. நாம் தோசை சுடுகிறோம், அது கல்லில். வடை சுடுகிறோம், எண்ணெயில். பணியாரம் குழிக்கல்லில். அப்பளமும் கத்தரிக்காயும் நேராகத் தீயில். சோளக்கதிரும் கருவாடும் தணலில். செங்கல்லையும் பானையையும்கூடச் சுடுகிறோம், சூளையில். இத்தனைக்கும் குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் சுடப்படும் பொருளே எதில் சுடுவது என்று நமக்குச் சொல்லிவிடுகிறது. கேக்கைப் பார்த்து வளராதவருக்கு அது சொல்லாது. ஆகவே வெறும் ‘சுடு’ பத்தாது, சூடு எங்கிருந்து வருகிறது என்பதும் சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

நம் சமையல் வினைகள் பெரும்பாலும் அப்படித்தான் பிரிந்திருக்கின்றன. ஆவி என்றால் அவி. நிறைய எண்ணெய் என்றால் பொரி. கொஞ்சம் எண்ணெய் என்றால் வதக்கு. வெறும் சட்டி என்றால் வறு. சொல்லைக் கேட்டதும் கை தானாக எண்ணெய்ச் செம்பை எடுக்கிறது, அல்லது எடுக்காமல் இருக்கிறது. புதுச் சொல்லும் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

அவன் அடுப்புக்குள் என்ன நடக்கிறது? மூடிய பெட்டிக்குள் காய்ந்த சூடு எல்லாப் பக்கமும் சூழ்ந்து நிற்கிறது. 160 முதல் 200 டிகிரி வரை. இட்லிச் சட்டிக்குள் ஆவி 100 டிகிரியைத் தாண்டாது, அதனால்தான் இட்லி எத்தனை நேரம் இருந்தாலும் வெள்ளையாகவே இருக்கிறது. பன்னின் மேல்தோல் சிவந்து மணம் வர 140 டிகிரியாவது வேண்டும். கிரில் வேறு. அதில் பெட்டி முக்கியமில்லை. பழுத்த தணலோ, சிவந்த மின்கம்பியோ ஒரு பக்கமிருந்து நேராக உணவின் மேல் அடிக்கிறது. அதனால்தான் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, பிரியாணி சமைக்கும் குடும்பத்திலிருந்து வரும் ஒரு அம்மா இடையில் சொன்னார்: “தம் போடுற மாதிரிதானே? அனல் மேலயும் கீழயும் சுத்தி நின்னு வேகவைக்குது.”

எனக்கு அந்த நிமிடமே சொல் கிடைத்துவிட்டது. அண்டா மூடியின்மேல் கங்கு பரப்பித் தம் போடுவதைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். தம்மில் ஈரம் உள்ளே அடைபட்டிருக்கும், பேக்கிங்கில் அப்படி இல்லை, அதனால் தம் என்றே வைக்க முடியாது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த ‘அனல்’ அவ்வளவு பொருத்தம். சித்திரைத் தேர் பார்க்க மாசி வீதியில் நிற்கும்போது நம் முகத்தில் அடிப்பது அனல்தான். தீ கண்ணுக்குத் தெரியாது, சூடு மட்டும் சுற்றி நிற்கும். அவனுக்குள்ளும் அதுதான்.

ஆகவே என் பரிந்துரை: பேக் செய் என்பதற்கு ‘அனலில் வேகவை’. பெயர்ச்சொல்லாக வேண்டும் என்றால் ‘அனல்வேக்காடு’. வேக்காடு நம் வாயில் உயிரோடு இருக்கிற சொல். கறி வேக்காடு பத்தவில்லை என்கிறோம், அரைவேக்காடு என்கிறோம். காற்றில்லாத அறையில் படுத்தால் ஒரே வேக்காடாக இருக்கிறது என்றும் சொல்கிறோம். பதம், மூடிய இடத்தின் புழுக்கம் இரண்டையும் அந்த ஒரே சொல் சுமக்கிறது. அவன் அடுப்புக்கு ‘அனலடுப்பு’.

கிரில்லுக்குப் புதுச் சொல்லே வேண்டாம், ‘தணலில் சுடு’ போதும். சுட்ட சோளம் விற்பவரிடம் கேட்டால் அவர் அதைத்தான் சொல்வார். பொருநராற்றுப்படையில் “காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை” என்று வருவதைக் காரைக்குடி ஐயா எடுத்துக் காட்டியிருந்தார். கொழுத்த இறைச்சித் துண்டை இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்டது. அதிலும் வினை சுடுதான். இந்த வினை இத்தனை காலமாக மாறாமல் இருப்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வாட்டு என்பதை டோஸ்ட் செய்வதற்கு விட்டுவிடலாம். வாழையிலையைத் தீயில் வாட்டுகிறோம், ஆட்டுத் தலையை வாட்டி வாங்குகிறோம். மேல்புறம் மட்டும் சூடு படும், உள்ளே வேகாது. வெண்ணெய் தடவிய பன்னைக் கல்லில் போட்டு எடுப்பதும் அதுதான்.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

~

வணக்கம்.

இரண்டு நாளில் இத்தனை மடல்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. முக்கியமானவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

> பேக்கிங் என்றே எழுதினால் என்ன? எல்லோருக்கும் புரிகிறதே.

கேக், பன், பீட்சா என்ற பெயர்களை நானும் அப்படியே எழுதுகிறேன், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. பெயர் ஒரு பண்டத்தைக் காட்டுகிறது, பண்டம் கண் முன்னால் இருக்கிறது. வினை அப்படியில்லை, கை என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. அது புரியாவிட்டால் மாவும் முட்டையும் வீண். இன்னொன்றும் உண்டு. தமிழ் எழுத்தில் ‘பேக்’ என்று எழுதினால் அது பையும்தான், பொட்டலம் கட்டுவதும்தான், அவனில் வைப்பதும்தான். “ஆறியதும் பேக் செய்யவும்” என்று போன மாதத் தாளில் நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, ஒருவர் ஆறிய கேக்கை மறுபடி குக்கருக்குள் வைத்துவிட்டார். கிரில் என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஜன்னல் கம்பிதான் நினைவுக்கு வரும்.

> வெதுப்பகம் எங்கட ஊரில கடைப் பலகையிலேயே இருக்குது. பிள்ளைகளுக்கும் தெரியும். வெதும்புறது எண்டால் வெக்கையில வாடுறதும்தான், வெறும் இளஞ்சூடு இல்லை.

யாழ்ப்பாணத்து அக்கா சொல்வது முழுக்கச் சரி. வெயிலில் வெதும்பிய பயிர் என்று நாங்களும் சொல்வோம், என் முதல் மடலில் அதை மறந்துவிட்டேன். ஒரு சொல் பலகை ஏறி, பிள்ளைகள் வாயிலும் பழகிவிட்ட இடத்தில் அதை மாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை. கடைக்குப் பெயராக வெதுப்பகம் அழகாகவும் இருக்கிறது. நம் சொற்பட்டியலில் வெதுப்பு, அனலில் வேகவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே வழங்குகிறது என்று குறித்துவிடுவோம். பாண் (ரொட்டி), போறணை (ரொட்டி சுடும் அடுப்பு) என்று போர்த்துகீசியர் வழியாக வந்த சொற்களையும் அங்கே இயல்பாகப் புழங்குவதை அக்கா எழுதியிருந்தார். அவையும் பட்டியலில் இருக்கட்டும். மதுரைத் தாளில் மட்டும் நான் அனலைத்தான் எழுதுவேன்.

> பேக்கரிக்கு அடுமனை என்பது இங்கேயே பரவிவிட்டது. அப்படியானால் அடு என்பதையே வினையாக்கலாமே?

அடுமனை பலகையில் நன்றாக இருக்கிறது. ஆனால் அடுதல் என்றால் சமைத்தல், எல்லாச் சமையலும் அதில் அடங்கும். “30 நிமிடம் அடவும்” என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. சூளை பற்றியும் அதே கவலைதான். விளாச்சேரியில் பொம்மை சுடுவதைப் பார்த்தவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். சூளை என்றதும் அவர்கள் நாக்கில் மண் வாசனைதான் வருகிறது.

மதுரைக்காஞ்சியில் வரும் கூவியரை ஒருவர் நினைவூட்டியிருந்தார். இதே மதுரையின் இரவுக் கடைத்தெருவில், அடையும் மோதகமும் விற்றுவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கி விழும் பலகாரக்காரர்கள். பேக்கரிக்காரருக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மிகவும் ஆசை. ஆனால் இன்றைக்குக் ‘கூவியர்’ என்று கேட்டால் தெருவில் கூவி விற்பவர் என்றுதான் காதில் விழும். மனசே இல்லாமல் விட்டுவிடுகிறேன்.

> அனல், தணல் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கின்றன. தணற்சுடல், அனற்சுடல் என்று புணர்த்தினால் இன்னும் குழப்பம்.

ஆமாம், அதனால்தான் புணர்த்தாமல் ‘அனலில்’, ‘தணலில்’ என்று உருபோடு பிரித்து எழுதச் சொல்கிறேன். வினையும் வேறு: அனலில் வேகவை, தணலில் சுடு. காதில் ஒன்று தவறினாலும் மற்றது காப்பாற்றும். வகுப்பில் வாசித்துக் காட்டினேன், ஒருவரும் தடுமாறவில்லை. மின்கம்பியில் சுட்டால் தணல் ஏது என்று கேட்டிருந்தீர்கள். சிவந்த கம்பியை நம்மவர்கள் தணல் மாதிரிதான் பார்க்கிறார்கள். ஓ.டி.ஜி. என்கிற சிறிய மின்சார அவனில் மேல்கம்பி மட்டும் எரிவதற்கு ‘மேல்தணல்’ என்று ஒருவர் தானாகவே சொன்னார், அப்படியே எழுதிக்கொண்டேன்.

காழ் பற்றி: அகராதியில் இருக்கட்டும். தாளில் இரும்பு என்றால் கம்பி, மூங்கில் என்றால் குச்சி. அதற்குமேல் வேண்டாம்.

> ப்ரீஹீட் என்பதற்கு முன்வெப்பம், முற்சூடாக்கல் போன்றவற்றில் எது?

எதுவும் வேண்டாம். “கல் காயட்டும்” என்று சொல்லாத தோசை வீடு உண்டா? “அனலடுப்பைப் பத்து நிமிடம் காயவைக்கவும்.” அவ்வளவுதான்.

சரி, இப்போது தாளில் போகும் வரிகள் இவை. தவறு இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

“குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் காயவைக்கவும். நெய் தடவிய டின்னில் மாவை முக்கால் அளவு ஊற்றி, உள்ளே இறக்கி, சிறு தீயில் 35 நிமிடம் அனலில் வேகவைக்கவும். நடுவில் திறக்க வேண்டாம். குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது.”

“ஜிலேபி மீனில் கீறல் போட்டு மசாலா தடவி அரை மணி நேரம் ஊறவைக்கவும். வாட்டிய வாழையிலையில் சுற்றி, தணலில் ஒரு பக்கம் எட்டு நிமிடம், மறுபக்கம் எட்டு நிமிடம் சுடவும்.”

இரண்டாவது வரியில் வாட்டும் சுடும் அடுத்தடுத்து வருகின்றன, கவனித்தீர்களா? இலை வாடுகிறது, மீன் சுடப்படுகிறது. படித்த அத்தனை பேரும் சரியாகச் செய்தார்கள்.

ஒரு சொல் மட்டும் இன்னும் மாட்டவில்லை. அடித்து நுரைத்த முட்டை வெள்ளையை மாவோடு சேர்க்கும்போது கிண்டக் கூடாது, கலக்கவும் கூடாது. கரண்டியை அடிவரை விட்டு, மெதுவாக மேலே எடுத்து, மாவின் மேல் மாவைப் படியவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றெல்லாம் போய்விடும். இப்போதைக்கு ‘மடித்துக் கலக்கவும்’ என்று எழுதியிருக்கிறேன், எனக்கே நிறைவில்லை. தூத்துக்குடியில் மக்ரூன் போடுகிறவர்கள் முட்டை வெள்ளை, சீனி, முந்திரித்தூள் மூன்றையும் நாள் முழுக்க இப்படித்தான் சேர்க்கிறார்கள். அவர்களிடம் இதற்கு ஒரு சொல் கட்டாயம் இருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது பட்டறையில் நின்று கேட்டு எழுதுங்கள், அதுவரை அந்த இடத்தைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.