பெண்களுக்கான இதய நோய் அபாய மதிப்பீடு: கேள்விப் படிவம் இருந்தால் பகிருங்கள்

வணக்கம். 40 வயது தாண்டிய பெண்களுக்கான முகாமில் உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அபாய அட்டவணையை (தெற்காசியா, ரத்தப் பரிசோதனை தேவைப்படாத வகை) பயன்படுத்துகிறோம். வயது, புகைப்பழக்கம், மேல் ரத்த அழுத்தம், பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) இருந்தால் போதும். ஆனால் பிற்காலத்தில் இதய நோய் அபாயத்தைக் கூட்டும் கர்ப்பகாலச் சிக்கல்களின் வரலாறு அதில் இல்லவே இல்லை. 42 வயது, மேல் பிரஷர் 130, புகைப்பழக்கம் இல்லை என்றால் பச்சைக் கட்டம், அதாவது குறைந்த அபாயம். பிரசவத்தின்போது வலிப்பு வந்தவருக்கும் அதே பச்சைதான்! வெற்றிலையோடு புகையிலை போடுவதும் கணக்கில் வராது.

அதனால் ஒரு துணைப் படிவம் தயாரிக்கிறோம். "கர்ப்பத்தில் பிபி இருந்ததா?" என்றால் பலரும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். "மாசமா இருந்தப்ப பிரஷருக்கு மாத்திரை குடுத்தாங்களா? முகம், கை வீங்குச்சா? தேதிக்கு முன்னாடியே பிரசவம் பாத்தாங்களா? அப்ப சுகர் இருந்துச்சா?" என்று உடைத்துக் கேட்டால்தான் விவரம் வெளிவரும்.

சிக்கல் இதுதான்: 40 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றதா என்பதும் முக்கியம். கர்ப்பப்பை எடுத்தவர்களில், ஹார்மோன் சுரக்கும் சினைப்பையும் எடுக்கப்பட்டதா என்பது பலருக்குத் தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டும் இருப்பதில்லை. இதை எப்படிக் கேட்டுப் பதிகிறீர்கள்? களத்தில் பயன்படுத்திப் பார்த்த தமிழ்ப் படிவம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள். கிராம சுகாதார செவிலியர்கள் சொல்லும் திருத்தங்கள் எங்களுக்கு மிகவும் தேவை.